ஏல அறிவித்தல் வருமுன் எந்தச் சட்டத்தரணியிடம் போவது?

கடையையோ வீட்டையோ வங்கிக்கு ஈடு வைத்துக் கடன் பெற்ற வியாபாரிகள் பலர், தவணை தவறினால் வங்கி வழக்குப் போடும், அழைப்பாணை வந்த பின் சட்டத்தரணியைப் பார்க்கலாம் என்று எண்ணியிருக்கின்றனர். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரமுண்டு. பராட்டே என்று நாம் சொல்வது இதனைத்தான். பணிப்பாளர் சபையின் தீர்மானம் போதும். தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளிவரும். ஏலத் திகதி குறைந்தது 14 நாட்களுக்கு முன் அறிவிக்கப்படும். 2024இல் இவ்வதிகாரம் இடைநிறுத்தப்பட்டது தற்காலிகமாகவே, சட்டம் நீக்கப்படவில்லை.

எனவே சட்டத்தரணியைத் தேட வேண்டியது வங்கியின் கேட்புக் கடிதம் கிடைத்த அன்றே. ஏலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு கெட்டிக்காரராலும் செய்யக்கூடியது சொற்பமே.

நம்மவர்கள் முதலில் ஓடுவது ஈட்டு உறுதியை எழுதிய நொத்தாரிசிடம். தெரிந்த முகம், ஊர்க்காரர், உண்மைதான். ஆனால் அந்த உறுதியை எழுதியவர் பெரும்பாலும் வங்கியின் பட்டியலில் உள்ளவர். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய கட்சிக்காரர் வங்கி. ஆகவே யாரிடம் போனாலும் "இந்த வங்கிக்காக நீங்கள் வேலை செய்கிறீர்களா?" என்று வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அவர் பராட்டே விடயங்களில் தோன்றியவரா என்று பாருங்கள். காணிப் பிரிவினை வழக்கில் பெயர் பெற்றவர் இதில் பழக்கமில்லாதவராக இருக்கலாம். உங்கள் ஊர் நீதிமன்றத்தில் நல்ல சட்டத்தரணி ஒருவரிடமே, "இதற்கு யாரிடம் போகலாம்?" என்று கேட்பது சிறந்த வழி. இதே சிக்கலைக் கடந்த வியாபாரியிடமும் விசாரிக்கலாம். கச்சேரி வாசலில் நின்று "ஸ்டே எடுத்துத் தருகிறேன்" என்பவர்களை விட்டு விலகுங்கள். தடையுத்தரவு நீதிபதிகள் தீர்மானிப்பது, அதற்கு யாரும் உறுதி தர முடியாது.

முதற் சந்திப்புக்கு ஈட்டு உறுதி, கடன் அனுமதிக் கடிதம், கணக்குக் கூற்றுகள், கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வங்கிக் கடிதம் வந்த உறையையும் எறிய வேண்டாம், தபால் முத்திரைத் திகதி சில வேளை பெறுமதியானது. கடனின் முதல் எவ்வளவு என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த முதலுக்கு இவ்வழியை மூடியது. வட்டியும் அபராதமும் அக்கணக்கில் சேராது. அதேபோல் தந்தையின் வீட்டை மகனின் கடனுக்கு ஈடு வைத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். கடனாளி அல்லாத ஒருவரின் சொத்து பற்றிய பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கட்டணத்தைக் கடிதத்துக்கு இவ்வளவு, மனுவுக்கு இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசிக் கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வேறு சட்டத்தரணி தோன்றுவாரானால் அவரது கட்டணம் இதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். ஏலத் திகதிக்கு முன் நிலுவை, வட்டி, செலவு முழுவதையும் செலுத்தினால் ஏலம் நிற்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. அதனால் வங்கியுடன் மீள்தவணை பேசத் தெரிந்தவரா, வழக்குப் போட மட்டும் தெரிந்தவரா என்பதும் பார்க்க வேண்டியதே.