மான் எலி: ஒரே இனம், ஊருக்கு ஒரு உடம்பு

எலி என்றால் நமக்கு வயலும் நெல் மூட்டையும்தான் ஞாபகம் வரும். வட அமெரிக்காவில் ‘மான் எலி’ என்று ஒரு காட்டு எலி உண்டு. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை; மானைப் போன்ற நிறம் என்பதால் அந்தப் பெயர். எடை 10 முதல் 30 கிராம்தான். விதையும் பூச்சியும் தின்று வாழ்கிறது.

எங்கெங்கே வாழ்கிறது?

காடு, புல்வெளி, பாலைவனம், மணல்மேடு என்று எங்கும் இருக்கிறது. கொலராடோ மலையில் 4,300 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது!

என்ன வித்தியாசம்?

1. காட்டு எலிக்கு வால் நீளம். மரத்தில் ஏறும்போது தடுமாறாமல் இருக்க அது உதவும்.
2. புல்வெளி எலிக்கு வால் குட்டை, நிறமும் வெளிர்.
3. நெப்ராஸ்கா மணல்மேட்டு எலி, மணல் நிறத்திலேயே இருக்கும்.
4. உயர்ந்த மலை எலியின் ரத்தம், அங்குள்ள குறைந்த ஆக்சிஜனையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

காரணம் என்ன?

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. இதைச் சொன்னால் அப்பா, “எல்லாம் மண் வாகுடா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மண் வாகுதான். ஆனால் மண் அதை எப்படிச் செய்கிறது? அதுதான் கேள்வி.

பிரான்சிஸ் சம்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1910களில் இதைச் சோதித்துப் பார்த்தார். பாலைவன எலிகளைப் பிடித்து வந்து, கலிபோர்னியாவின் லா ஹோயா கடற்கரை ஊரில் வளர்த்தார். குட்டி போட்டது, அந்தக் குட்டியும் குட்டி போட்டது. இடம் மாறியும் வெளிர் நிறம் மாறவே இல்லை! அப்படின்னா, மண் நேரடியாகச் சாயம் பூசவில்லை. நிறம் பரம்பரையாக வருகிறது.

பிறகு மண்ணுக்கு என்ன வேலை? 1947ல் லீ டைஸ் என்பவர் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் தந்தது. தரையின் நிறத்தோடு ஒட்டாத எலிகளையே ஆந்தைகள் அதிகம் பிடித்தன. ஒட்டிய நிறமுள்ளது பிழைத்தது, குட்டி போட்டது. இப்படிப் பல தலைமுறை போனால் கூட்டமே அந்த நிறமாகிவிடும். நெப்ராஸ்கா எலியின் நிறத்துக்குக் காரணமான ‘அகூட்டி’ என்ற மரபணுவை 2009ல் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூழ்நிலையே உடம்பை மாற்றும் என்று நம்பித்தான் சம்னர் ஆரம்பித்தார். முடிவு எதிராக வந்தது. அதை மறைக்காமல் எழுதினார், தன் கருத்தையும் மாற்றிக்கொண்டார். லேபில் ‘எதிர்பார்த்த’ ரீடிங்கை எழுதிவைக்கும் நாம், அவரிடம் கற்க வேண்டியது இதுதான். வந்த ரீடிங்கை எழுதுவோம்!