கடிகாரம் அப்புறம், ஜன்னல் முதலில்!

காலையில் கண் விழித்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? கடிகாரத்தை! அப்புறம் பால் பாக்கெட், குக்கர், டிபன் பாக்ஸ், பஸ்... ராத்திரி படுக்கும்போது, ‘இன்னிக்கு என்ன பண்ணினோம்?’ என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வராது. ‘எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கு’ என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? இது உங்களுக்காகத்தான்.

நம் முன்னோர் வருஷத்தை இரண்டிரண்டு மாதமாக ஆறு பருவங்களாகப் பிரித்து வைத்தார்கள். நாமோ அதை ‘வெயில், மழை’ என்று இரண்டாக்கி, இரண்டையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்!

இது வெறும் ரசனை சமாசாரம் இல்லை. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஒப்பிட்டு 1984-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். மரம் மருந்துக்குப் பதில் ஆகாது. ஆனால், மருந்துக்கு நல்ல துணை!

சரி, என்ன செய்யலாம்?

சித்திரை, வைகாசி: வெயில் ஏறுமுன் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். வேப்பம்பூ வாசனை இலவசம்!

ஆனி, ஆடி: ஆடிப்பட்டத்தில் ஒரு தொட்டியில் அவரை விதை போடுங்கள். முளை விடுவதைத் தினமும் பார்ப்பது குழந்தைகளுக்குப் பாடம், பெரியவர்களுக்கு மருந்து.

ஆவணி, புரட்டாசி: காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனையில், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளுக்கும் பங்கு உண்டு. டி.வி.யை அணைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் நின்று முகருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சூடாக ஒரு மிளகு ரசம்! தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு வரும்.

மார்கழி, தை: கோலம் போட்டு முடித்ததும் உள்ளே ஓடாதீர்கள். காலை வெளிச்சம் நம் உடல் கடிகாரத்தைச் சரிப்படுத்தி, இரவுத் தூக்கத்துக்கு உதவும். ஆஸ்துமா உள்ளவர்கள் பனி விலகியபின் வரலாம்.

மாசி, பங்குனி: இலை உதிர்த்த அரசமரம் செந்துளிர் விடும். ‘இனி என்ன இருக்கு?’ என்று ரிட்டயரான பிறகு அறைக்குள்ளேயே முடங்கிவிட்ட அப்பாவை அதனடியில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அறிவுரை வேண்டாம்; பக்கத்தில் நின்றாலே போதும்.

ஒரு எச்சரிக்கை: எதிலுமே நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் அலுப்பாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். குணப்படுத்த வழி உண்டு.

மற்றவர்கள் ஒரு பழைய டைரியை எடுத்து, இன்று கண்ட ஒரு புதுசை ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த வருஷம் புரட்டிப் பார்த்தால் தெரியும், எந்த நாளும் இன்னொரு நாள் மாதிரி இருந்ததில்லை என்று!