பூனைக்கு ஏற்படும் சிறுநீர்த் தடை

நெல்லைச் சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்கும் கமக்காரருக்குப் பூனை உதவியான பிராணியாகும். எலி தின்பதால் அழியும் நெல் ஒரு பங்கு. அது கழித்துப் பாழாக்கும் நெல் மற்றொரு பங்கு. இவற்றைவிட, எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நின்று வேலை செய்வோரைப் பற்றும் எலிக்காய்ச்சல் உயிருக்கே கேடாவது. மனிதன் பூனையை வீட்டிற் சேர்த்துக்கொண்டதும் தானியத்தின் பொருட்டேயாம். மத்திய கிழக்கு நாடுகளின் வறண்ட நிலத்திலே திரிந்த காட்டுப் பூனை, முதற் கமக்காரரின் தானியக் குவியலைத் தேடிவந்த எலிகளைப் பின்தொடர்ந்து மனிதனிடம் வந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் ஒருவனுக்கு அருகே பூனையொன்று புதைக்கப்பட்டிருந்தமை 2004 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இவ்வறண்ட நிலத்துப் பிறப்பே இங்கு கூறப்படும் நோய்க்கும் ஓரளவு காரணமாகின்றது. பூனைக்குத் தாகம் குறைவு. இரையின் உடலிலுள்ள நீரைக் கொண்டே அது பெரும்பாலும் காலங் கழிக்கும். சிறுநீரகம் நீரைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும். எலியின் உடலிலே நூற்றுக்கு 70 பங்கு நீர் இருத்தலால், எலி பிடித்துண்ணும் பூனைக்கு இதனாற் குறையொன்றுமில்லை.

குட்டியாயிருக்கும்போது கிராமத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டு செல்லப்படும் பூனையின் நிலை வேறு. வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் வளரும் கடுவனுக்கு எலியுமில்லை, வேலியுமில்லை. ஒரு புறம் காலி வீதியின் வாகனங்கள், மறு புறம் கடற்கரைப் புகையிரதப் பாதை. ஆதலால் வீட்டார் அதனை வெளியே விடுவதில்லை. பையில் விற்கப்படும் உலர்ந்த உணவு கிண்ணத்தில் எந்நேரமும் கிடக்கின்றது. அதிலுள்ள நீர் நூற்றுக்குப் பத்துப் பங்களவே. பூனை உண்டு உறங்கிக் கொழுக்கின்றது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் உள்ள வீடுகளிலே இரண்டு மூன்று பூனைகள் ஒரே அறையில் நெருங்கி வாழவும் நேரிடுகின்றது. நடு வயதுடைய, கொழுத்த, உலர்ந்த உணவையே உண்டு வீட்டுக்குள் அடைந்திருக்கும் கடுவனையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகின்றது. ஆயினும், கிராமத்துப் பூனைக்கு இது வாராது என்று எண்ணுதல் தவறு. அது எங்கே சிறுநீர் கழிக்கின்றது என்பதை யாரும் பார்ப்பதில்லை. நோயுற்றால் சாக்குகளின் பின்னே இரண்டு நாள் ஒளிந்து கிடந்து இறந்துபோகும்; வீட்டார் அதனைப் பாம்பு தீண்டியதென்றோ நஞ்சு தின்றதென்றோ முடிவு செய்துவிடுவர்.

அடைப்பு ஏற்படும் விதம்

சிறுநீர்ப்பையைக் குளமாகவும் சிறுநீர் வழியை அதன் துருசாகவும் கொண்டால் இந்நோயைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பெட்டைப் பூனையின் துருசு குறுகிய நீளமும் அகலமும் உடையது. எனவே அதில் அடைப்பு ஏற்படுதல் அரிது. கடுவனின் வழியோ நீண்டு, நுனியில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கிவிடுகின்றது. சிறுநீர்ப்பையின் அழற்சியால் உண்டாகும் சளி போன்ற பொருளும் நுண்ணிய மணல் போன்ற உப்புப் பளிங்குகளும் ஒன்றாய்த் திரண்டு அந்நுனியிலே தக்கையாக அடைத்துக்கொள்ளும். சில வேளைகளில் சிறு கல்லொன்று அடைக்கும். வேறு சில வேளைகளில் அடைக்கும் பொருள் எதுவுமின்றி, வீக்கமும் தசை இறுக்கமுமே வழியை மூடிவிடும்.

துருசு மூடினாலும் குளத்துக்கு நீர் வந்துகொண்டேயிருக்கும். பை நிரம்பி இறுகுகின்றது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களின் வேலை தடைப்படுகின்றது. வெளியேற வேண்டிய யூரியாவும் பொற்றாசியமும் இரத்தத்தில் தங்கிவிடுகின்றன. வயலிலே பயிருக்கு உணவாகும் இவ்விரண்டும் பூனையின் இரத்தத்திலே மிகுந்தால் நஞ்சாகும். யூரியா முதலிய கழிவுகள் சேர்வதால் வாந்தியும் சோர்வும் உண்டாகும். பொற்றாசியம் மிகும்போது இதயத் துடிப்பு மந்தமாகி ஈற்றில் நின்றுபோகும். முற்றாக அடைபட்ட கடுவன் ஒரு நாளிலிருந்து இரண்டு நாட்களுக்குள் மிக மோசமான நிலையை அடையும். உதவி கிடையாவிடில் மூன்று நாளளவில் இறந்துவிடும்.

அறிகுறிகள்

நலமுள்ள பூனை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். நோயுற்றது அடிக்கடி மணற் பெட்டிக்குச் சென்று, நெடுநேரம் குந்தியிருந்து முக்கும். சில துளிகளே வரும், அல்லது ஒன்றும் வாராது. சிறுநீர் இளஞ்சிவப்பாகவோ இரத்தங் கலந்தோ இருக்கும். பெட்டியை விட்டு நிலத்திலும் துணிமீதும் குளிக்குமறைத் தரையிலும் கழிக்க முயலும். கழிக்கும்போது வேதனையுடன் கத்தும். பின்புறத்தை ஓயாது நக்கும். பூனைக்குக் கெட்ட பழக்கம் பிடித்துவிட்டதென்று அதனை அடிப்போரும் உளர். அடித்தலால் நோய் மிகுமேயன்றிக் குறையாது.

பலரை ஏமாற்றுவது யாதெனில், பூனை முக்குவதைக் கண்டு அதனை மலச்சிக்கல் என்று கருதுவதாகும். ஆமணக்கெண்ணெய் புகட்டிவிட்டு மறுநாள் வரை காத்திருப்பர். அந்த ஓரிரவிலேயே பூனையின் உயிர் போகக்கூடும். ஐயமிருப்பின், பின் வயிற்றை இரு விரல்களால் மென்மையாகத் தொட்டுப் பார்க்கலாம். பை அடைபட்டிருந்தால் தேசிக்காய் முதல் தோடம்பழம் வரையான பருமனில், கடினமான உருண்டையாகத் தட்டுப்படும். தொட்டவுடன் பூனை சீறும். அதனை ஒருபோதும் அழுத்தலாகாது. இறுகிய பை வெடித்துவிடக்கூடும். தொட்டுப் பார்த்தும் விளங்காவிடில் அடைப்பு உண்டென்றே எண்ணி நடத்தல் வேண்டும்.

முக்கியும் சிறுநீர் வாராத கடுவனை இரவாயினும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். வாந்தி எடுத்தல், உணவை வெறுத்தல், ஒளிந்து கிடத்தல், உடல் குளிர்தல் என்பன தோன்றிவிட்டால் மணித்தியாலங்களே எஞ்சியுள்ளன.

வீட்டில் செய்யத்தகாதவை

மனிதருக்குச் சிறுநீர்க் கடுப்பு உண்டானால் இளநீர் கொடுப்பது நம்மவர் வழக்கம். செவ்விளநீரின் பெயர் இதில் பெரிது. நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி என்பவற்றின் குடிநீரும் இவ்வாறே வழங்குகின்றன. மனிதர் விடயம் எவ்வாறாயினும், அடைபட்ட பூனைக்கு இவற்றைப் புகட்டலாகாது. இளநீரிலே பொற்றாசியம் மிகுதியாக உண்டு. பூனையின் இதயத்தை நிறுத்துவதும் அப்பொற்றாசியமே. சிறுநீரைப் பெருக்கும் மூலிகையோ, துருசு மூடிய குளத்துக்கு மேலும் வெள்ளத்தைத் திருப்புவது போன்றதாகும்.

வலிக்குப் பனடோல் கொடுத்தல் இதனிலும் கொடிது. பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியதன்று. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். மனிதருக்குரிய வேறெந்த வலி மருந்தும் கொடுத்தல் கூடாது.

வலியுற்ற பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். தடித்த துவாயால் சுற்றி, மூடியுள்ள கூடையில் வைத்தே கொண்டு செல்லுதல் வேண்டும். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம். விசர்நோய் இந்நாட்டிலிருந்து இன்னும் முற்றாக ஒழியவில்லை. பூனையின் கடியினாலும் அது பரவும்.

வைத்தியர் செய்வது

கொழும்பிலே தனியார் மிருக வைத்திய நிலையங்கள் பல உள. வெளி மாவட்டத்தார் தத்தம் பிரிவின் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை முதலில் நாடலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலும் போதனா வைத்தியசாலை உண்டு. புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, அடைபட்ட கடுவன் என்று கூறி, குழாய் செலுத்தும் வசதி அங்குண்டா என்று கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் நேராது.

வைத்தியர் பூனையை மயக்கி, மெல்லிய குழாயைச் செலுத்திக் கழுவி, வழியைத் திறப்பார். இரத்தக் குழாய் வழியாக நீரேற்றிப் பொற்றாசியத்தைத் தணிப்பார். பெரும்பாலும் சில நாட்கள் அங்கேயே விடவேண்டியிருக்கும். அடைப்பு நீங்கியதும் பூனை மிகுதியாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கி உடல் வறண்டுபோகும் ஆதலால், குழாயிட்டவுடன் வீட்டுக்குத் தரும்படி வற்புறுத்துதல் நன்றன்று. வீடு வந்த முதல் வாரத்திலே மீண்டும் அடைபடுதல் உண்டு. அந்நாட்களில் பெட்டியை ஒவ்வொரு வேளையும் பார்த்தல் வேண்டும். பலமுறை அடைபடும் கடுவனுக்கு ஒடுங்கிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் சத்திர சிகிச்சை உண்டு.

அடைப்பில்லாமல் இரத்தமும் கடுப்பும் மட்டும் தோன்றும் பூனைகளே தொகையில் அதிகம். இவற்றிற் பெரும்பாலானவற்றில் கிருமியுமில்லை, கல்லுமில்லை. பத்து வயதுக்குட்பட்ட பூனையின் சிறுநீரில் கிருமி காணப்படுதல் அரிது. ஆகையால் கிருமிகொல்லி மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுப்பது, பூச்சி இல்லாத பயிருக்கு மருந்து தெளிப்பதை ஒக்கும். முதிர்ந்த பூனைக்கே கிருமித் தொற்று கூடுதலாக வரும். அதற்கும் சிறுநீரைப் பரிசோதித்த பின்னரே மருந்து. காரணம் புலப்படாத இவ்வழற்சி மன உளைச்சலோடு தொடர்புடையதென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வீடு மாறுதல், புதிய பூனை வருதல், பக்கத்து வளவில் கட்டட வேலை, பண்டிகை வெடிகள், வெளிநாட்டு உறவினர் வந்து வீடு நிறைதல் என்பன அதனைத் தூண்டலாம். இது பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானே தணியும். அவ்வாரத்தில் என்ன கொடுத்திருப்பினும் அதுவே குணமாக்கியதாகப் பெயர் பெறும். பல கைமருந்துகளின் புகழ் இவ்வாறு வந்ததே. தணிந்தது மீண்டும் வரும் என்பதையும், கடுவனில் அது அடைப்பாக மாறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

கற்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மகனீசியம், அமோனியம், பொசுபேற்று என்பன சேர்ந்த உப்பு. இவ்வுப்பே சில நாடுகளில் நகரக் கழிவு நீரிலிருந்து பிரிக்கப்பட்டு உரமாகவும் விற்கப்படுகின்றது. சிறுநீர் காரத்தன்மை அடையும்போது படிந்து, அமிலத்தன்மை அடையும்போது கரையும் இக்கல்லை, வைத்தியர் குறிக்கும் விசேட உணவினாற் சில வாரங்களிற் கரைக்கலாம். மற்றையது கல்சியம் ஒட்சலேற்று; அது கரையாது, சத்திர சிகிச்சையால் எடுக்கப்படவேண்டியது. ஒன்றுக்கு நல்லது மற்றதற்குத் தீதாகலாம். ஆதலின் எக்கல் என அறியாமல் உணவை மாற்றுதல் பயனற்றது.

நீரும் உணவும்

எவ்வகை நோயாயினும் சிறுநீரை ஐதாக்குதல் நன்மையே. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலுள்ளதும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் நீர் வேண்டும். பூனையை வற்புறுத்திக் குடிக்கச் செய்ய இயலாது. எனவே உணவோடு நீரைச் சேர்ப்பதே வழி. உப்பிடாது அவித்த மீனையோ கோழியிறைச்சியையோ அவித்த நீருடன் பிசைந்து கொடுக்கலாம். உலர்ந்த உணவே கொடுக்க நேரின் அதனை இளஞ்சூட்டு நீரில் ஊறவைக்கலாம். ஊறியதை நெடுநேரம் வைத்திருத்தலாகாது, கொழும்பு வெக்கையில் விரைவிற் பழுதாகும். மீன்குழம்பின் மிச்சம் கொடுத்தல் கூடாது. அதிலுள்ள வெங்காயம், பச்சையாயினும் சமைத்ததாயினும், பூனையின் செங்குருதியை அழிக்கும். உப்புக் கருவாடும் நன்றன்று. சோறு பூனைக்கு வயிறு நிரப்புவதேயன்றி உணவாகாது. மீன் மட்டுமே கொடுத்தாலும் சத்துக் குறையும். ஆதலால் அவித்த மீனையோ கோழியையோ பூனைக்கென விற்கப்படும் நிறை உணவோடு கலந்து கொடுத்தல் நன்று. அளவறிந்து வேளைக்கு வைத்தல் வேண்டும். நலமடித்த கடுவன் விரைவிற் கொழுக்கும். நலமடித்தலே நோயைத் தருமென்று அஞ்சி அதனைத் தவிர்ப்போரும் உளர். அவர் அஞ்சவேண்டியது கொழுப்பையே.

அகன்ற வாயுள்ள கிண்ணங்களில், உணவுக்கும் மணற் பெட்டிக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். மணற் பெட்டிகள் பூனைகளின் தொகையிலும் ஒன்று கூடுதலாக இருத்தல் நலம்; இரண்டு பூனைக்கு மூன்று. ஒடுங்கிய வீட்டில் இடமில்லையெனின் இருக்கின்ற பெட்டியை நாளுக்கு இருமுறை துப்புரவாக்கலாம். ஆற்று மணலாயினும் மரத்தூளாயினும் பூனை விரும்புவதையே இடுதல் வேண்டும். ஊரிலிருந்து வரும் உமியை மணலோடு கலந்தும் இட்டுப் பார்க்கலாம்.

களஞ்சியத்துப் பூனைக்கும், நெல் காயும் முற்றத்தின் ஓரத்தில் நிழலான இடத்தில், ஒரு சட்டி நீர் வைத்தல் நன்று. அதனருகே சிறிது தளர்ந்த மணலைக் குவித்து வைத்தால், பூனை அங்கே சென்று கழிக்கப் பழகும். கழிக்கின்றதா, வெறுமனே முக்குகின்றதா என்பதும் வீட்டார் கண்ணிற் படும்.