ஜன்னலை எப்போது சாத்துவது?

பனிக்காலக் கேள்விகளுக்கு, மணலியில் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: திருவொற்றியூரில் மொட்டைமாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரே அறை எங்கள் வீடு. அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, வீசிங் உண்டு. மார்கழி பிறந்தால் விடிய விடிய இருமல். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்கிறார். திறந்தால் குளிருகிறது என்கிறார். என்ன செய்வது?

சென்னையில் ஜனவரி இரவுகளின் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 20, 21 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. டெல்லிக்காரரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். உங்கள் அப்பாவைப் படுத்துவதில் குளிருக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு, அந்த நேரத்தில் அசையாமல் கிடக்கும் காற்றுக்கு.

மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்றும் கூடவே ஆறும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி மாதிரி நிற்கும். கீழே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது, மூடியைத் தாண்டி ஏறாது. கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, தெருமுனையில் குப்பை கொளுத்திய புகை, ஓட்டல் அடுப்புப் புகை எல்லாம் நம் மூக்கு உயரத்திலேயே தங்கிவிடும். மணலியிலும் அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களிலும் இருக்கும் உயரமான புகைபோக்கிகளின் கதை வேறு. அவற்றின் புகை இரவில் பெரும்பாலும் மூடிக்கு மேலே மிதந்து போய்விடும். காலையில் வெயில் ஏறி மூடி உடையும்போதுதான் அது கீழே கலந்து இறங்கும். காலை ஏழு மணிக்குத் தெளிந்த மாதிரி இருந்த வானம் எட்டு, எட்டரைக்குத் திடீரென்று புகைமூட்டமாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

திசையையும் கவனியுங்கள். திருவொற்றியூருக்குக் கிழக்கே கடல், மேற்கே மணலி, வடக்கே எண்ணூர். இந்த மாதங்களில் பின்னிரவுக் காற்று வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ, நிலப்பக்கமாக மெல்ல நகர்ந்து வரும். பகல் ஏறினால் கடல் பக்கத்துக் காற்று வந்து கழுவிவிடும்.

ஆகவே குளிருகிறதா என்று பார்த்து ஜன்னலைச் சாத்தாதீர்கள், மணியைப் பார்த்துச் சாத்துங்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை எல்லா ஜன்னலும் விரியத் திறந்திருக்கட்டும். படுக்கை, தலையணையை வெயிலில் போடுங்கள், ஓதம் போகும். பொழுது சாய்ந்ததும் மேற்கு, வடக்குப் பக்கத்தைச் சாத்திவிடுங்கள். கிழக்கு ஜன்னலில் மட்டும் நான்கு விரல் இடைவெளி விட்டு, அந்தப் பக்கம் தலை வராமல் பாயைத் திருப்பிப் போடுங்கள். முழுக்கச் சாத்துவது வேண்டாம். காலை ஒன்பதரை வரை மேற்குப் பக்கத்தைத் திறக்கவும் வேண்டாம்.

குளிருக்கு வழி தரையில் இருக்கிறது. படுத்த உடம்பின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது சிமென்ட் தரை. மேலே இரண்டு போர்வை போடுவதைவிடப் பாய்க்கு அடியில் ஓர் அடுக்கு அட்டைப்பெட்டி விரித்து, அதற்கும் கீழே பழைய பேனர் துணி போடுவது நன்றாக வேலை செய்யும். பேனர் ஈரத்தைத் தடுக்கும், அட்டை குளிரைத் தடுக்கும். விடியற்காலையில் ஷீட்டிலிருந்து சொட்டு விழுகிறதா? அது ஒழுகல் இல்லை. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் ஷீட் இரவில் காற்றைவிட அதிகமாக ஆறிவிடும். நம் மூச்சிலும் சமையலிலும் வந்த ஈரம் அதன் அடிப்பக்கத்தில் பட்டு நீராகிறது. இரவுச் சமையலை ஏழு மணிக்குள் முடித்துக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் சொட்டு குறையும். சூட்டைத் தடுக்கத் தெர்மகோல் ஒட்டச் சொல்வார்கள். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அது வேண்டாம், பொறி பட்டால் போதும்.

இன்னும் ஒன்று. அப்பா விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்கரையோரம் வாக்கிங் போகிறவரானால், தை முடியும் வரை அதை மாலை நாலரைக்கு மாற்றுங்கள். பனிக்காலத்தில் விடியற்காலைக் காற்று சுத்தமானது என்பது கிராமத்துக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் அளவைப் பார்க்கலாம். எண் 200-ஐத் தாண்டிய நாளில் அவர் வெளியே போகாமல் இருப்பது நல்லது. மருத்துவர் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரை, ‘இன்று பரவாயில்லை’ என்று நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்குமா? மீன் எடுக்க மூன்று மணிக்கே காசிமேடு போகிறேன். மகள் குல்லா போட்டுக்கொண்டு போ என்கிறாள்.

பனி தலைக்குள் இறங்காதும்மா. சளி ஒட்டுவது பக்கத்தில் தும்மியவரிடமிருந்து. ஆனால் மகள் சொல்வதைத் தட்டாதீர்கள். குல்லாவில் எனக்கு ஒரே குறை, காதை மூடிவிட்டு மூக்கை விட்டுவிடுகிறது. வீசிங் உள்ளவர்களைக் கிளப்பிவிடுவது மூக்கு வழியாகப் போகும் குளிர்ந்த காற்றுதான். முந்தானையையோ மஃப்ளரையோ மூக்கை மூடிக் கட்டிக்கொண்டால், உங்கள் மூச்சுச் சூடே உள்ளே போகும் காற்றை வெதுவெதுப்பாக்கிவிடும். ஐஸ் பெட்டியில் கைவிட்டு மீன் பொறுக்குகிறவர்கள் ரப்பர் கையுறைக்கு உள்ளே பருத்திக் கையுறை ஒன்று போடுங்கள். ஈரமான கையோடு வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு வந்தால் விரல் மரத்துப்போகும்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடச் சொல்கிறார் மாமியார். நெஞ்சில் கற்பூரத் தைலமும் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா? (தண்டையார்பேட்டை)

இரண்டும் வேண்டாம். முடி காயத் துண்டு போதும். புகை எந்தப் பெயரில் வந்தாலும் குழந்தையின் நுரையீரலுக்குப் புகைதான். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வருத்தம் என்மேல் இருக்கட்டும்.

தண்ணீர் சூடுபண்ண வாளியில் ராடு போடுகிற வீடானால், ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதை இன்றே வெளியே மாற்றுங்கள். காரணம் அடுத்த பதிலுக்கு அடுத்ததில் வருகிறது.

கேள்வி: ராயபுரத்திலிருந்து மீஞ்சூருக்குத் தினமும் விடியற்காலை காரில் போகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்கண்ணாடி திடீரென்று வெள்ளையாக மறைத்துவிடுகிறது. ஏசியைக் கூட்டினால் சில நாள் சரியாகிறது, சில நாள் இன்னும் மோசமாகிறது. ஏன்?

நீங்கள் பார்ப்பது ஒன்றல்ல, இரண்டு. விரலால் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, விழாவிட்டால் வெளியே.

உள்ளே என்றால், உங்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. மழை நாளிலும், நாலு பேர் ஏறிய வண்டியிலும் இப்படித்தான் ஆகும். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஒரு நிமிடத்தில் தெளியும்.

வெளியே என்றால் அது ஏசி செய்த வேலை. நம் கடலோரக் காற்றில் மார்கழியிலும் ஈரம் நிறைய. அது 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே பனித்துளியாகத் தயாராக நிற்கிறது. நீங்கள் உள்ளிருந்து கண்ணாடியை அதற்குக் கீழே குளிர்விக்கிறீர்கள், அது வெளிப்பக்கம் வந்து உட்காருகிறது. ஏசியைக் கூட்டக் கூட்ட மோசமாவதன் ரகசியம் இதுதான். கண்ணாடிப் பக்கம் போகும் காற்றை மூடி, ஏசியை 25, 26-க்கு ஏற்றி, வைப்பரை ஒரு முறை ஓட்டினால் முடிந்தது. வைப்பர் ரப்பர் பழசாக இருந்தால் அந்தச் சாலையின் நிலக்கரித் தூளைப் பனியோடு சேர்த்துக் கண்ணாடி முழுக்க மையாகப் பூசிவிடும், ஓட்டுகிறவருக்கு எதிர் விளக்கெல்லாம் பூவாணமாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை ரப்பரை மாற்றுங்கள்.

காருக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கிறதே, அது வெளிக்காற்றை நிறுத்தி உள்காற்றையே சுற்ற வைப்பது. லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதை அழுத்துங்கள். ஆனால் மறந்துபோய் ஊர் போய்ச் சேரும் வரை விட்டுவைக்காதீர்கள். மூடிய காரில் நம் மூச்சே சேர்ந்து தூக்கம் தள்ளும், கண்ணாடியும் மறைக்கும். லாரிகளைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். ஏசி ஃபில்டரையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு நம் பகுதிக்குச் செல்லாது, வெள்ளைத் தாள் கறுப்பாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுவதும் தப்பு. நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்திய டிரெய்லர்தான் அந்தச் சாலையின் எமன். வேகத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு நான் சொல்ல வேறு உபாயம் இல்லை.

கேள்வி: டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குள் போக வரிசையில் இரவு முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது. பனிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேபினில் கொசுவர்த்தி வைத்துத் தூங்கலாமா?

கூடாது தம்பி. கேபினுக்குள் எது எரிந்தாலும், கொசுவர்த்தியோ சின்ன ஸ்டவ்வோ, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது. டெல்லி சாஸ்திரி பார்க்கில் 2023 மார்ச் இறுதியில் ஒரே வீட்டில் ஆறு பேர் இறந்ததற்குக் காரணம், இரவில் மெத்தைமேல் விழுந்து புகைந்த கொசுவர்த்திதான். கேஸ் கீசரை வெளியே மாற்றச் சொன்னதற்கும் இதே வாயுதான் காரணம்.

இரண்டு பக்கக் கண்ணாடியிலும் மூன்று விரல் இடைவெளி விட்டு, இடைவெளியில் கொசுவலைத் துணியை வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் ஆபத்து. சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை கேபினுக்குள் ஏறும். முன்னால் நிற்கும் வண்டியின் புகையும் உங்களுக்குத்தான். குளிருக்கு நல்ல கம்பளி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: எண்ணூர்க்காரர்கள் நாங்கள். 2023-க்குப் பிறகு இரவில் கொஞ்சம் நெடி வந்தாலே பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா, ஓடுவதா?

அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய அதே மாதம்.

அமோனியா காற்றைவிட லேசானது. பகலில் என்றால் மேலே ஏறிக் கலைந்திருக்கும். குளிர்ந்த, ஈரமான, அசையாத இரவில் அது ஈரத்தோடு சேர்ந்து வெண்புகையாகத் தரையோடு ஊரும்.

லேசான நெடி என்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். ஜன்னல், வென்டிலேட்டர் சாத்தி, கதவடியில் ஈரத்துணி அடைத்து, ஏசியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் அணைத்துவிடுங்கள். கண் எரிந்து, தொண்டை அடைத்து, வீட்டுக்குள்ளேயே நிற்க முடியவில்லை என்றால் வெளியேறுங்கள். துண்டை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் வாயு, ஈரத்துணி ஓரளவு பிடித்துக்கொள்ளும். கொரோனாவுக்கு வாங்கிய என்-95 தூசிக்குத்தான் ஆகும், வாயுவைத் தடுக்காது.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதில்தான் தப்பு நடக்கிறது. காற்று போகிற பக்கமே ஓடினால் வாயுவும் கூடவே வரும். தென்னங்கீற்றையோ கட்சிக் கொடியையோ பாருங்கள். காற்று வடக்கிலிருந்து வந்தால் நீங்கள் கிழக்கு மேற்காக, அதாவது குறுக்காக விலக வேண்டும். வண்டியில் போனால் கண்ணாடியை ஏற்றி, நான் மேலே சொன்ன அந்த அம்புக்குறி பட்டனை அழுத்திவிட்டுப் போங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், பிறகு மருத்துவமனை. 108-க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பகல் நேரத்திலேயே இதை ஒரு முறை செய்து காட்டிவிட்டால் இரவில் விழித்து உட்கார மாட்டார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டியவர்கள் நேரத்துக்கு ஊதினால் இதில் பாதி தேவைப்படாது. அதை வார்டு கூட்டத்தில் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: பொங்கல் லீவில் குடும்பத்தோடு காரில் ஊட்டி போகிறோம். குளிரில் டயர் காற்று இறங்கிவிடும், கூடுதலாக அடித்துக்கொண்டு போ என்கிறார் பஞ்சர் கடைக்காரர். (விம்கோ நகர்)

அவர் சொல்வதில் பாதி சரி. 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் 33 பி.எஸ்.ஐ. காற்று 4 வரை இறங்கும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் கேஜ் மூன்றரை ஏற்றிக் காட்டும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. இங்கே அடிக்க வேண்டியதை அடித்துக்கொண்டு போங்கள், அங்கே தொடாதீர்கள். டயரைவிட பேட்டரியைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் வெந்த பேட்டரி ஊட்டிக் குளிரில்தான் காலை வாரும்.

போகிக்கு முந்தின நாளே கிளம்புவது உத்தமம். 2018 போகியன்று புகையால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின, நீங்கள் காரில் போகிறீர்கள். அங்கே ரூமுக்குள் கரி அடுப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள், லாரி டிரைவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். காலையில் கார் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றக்கூடாது, கண்ணாடி விரிசல் விடும். பர்ஸில் காலாவதியான ஏடிஎம் கார்டு இருந்தால் எடுத்து வையுங்கள், சுரண்ட அது போதும்.