சூறைக்காற்று: ஒரு சொல்லின் கதை

ஜொகூரின் மேற்குக் கரையில் உள்ள பொந்தியான், பத்து பகாட் வட்டார மக்கள் ஒரு வகைக் காற்றை நன்கு அறிவர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சில நாள்களில் விடியலுக்கு முன்பே மேற்கு வானில் கருமேகங்கள் வரிசையாகத் திரளும். திடீரெனப் பலத்த காற்று வீசும். இடியும் மழையும் தொடரும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். சுமத்ரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் உருவாகிக் கிழக்கு நோக்கி வருவதால், ஆங்கிலத்தில் இதனைச் 'சுமத்ரா ஸ்குவால்' என்பர்.

'ஸ்குவால்' கடலோடிகளின் வழக்கில் வளர்ந்த சொல். நீர் பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் நார்வே, சுவீடன் மொழிச் சொற்களோடு இது தொடர்புடையது என அறிஞர்கள் கருதுகின்றனர். குழந்தை வீறிட்டு அழுவதையும் 'ஸ்குவால்' என்றே ஆங்கிலத்தில் சொல்வதுண்டு.

தமிழில் இதனைச் சூறைக்காற்று எனலாம். 'சூறை' என்பதற்குக் கொள்ளை என்ற பொருளும் உண்டு. 'சூறையாடுதல்' என்னும் சொல்லில் அப்பொருளைக் காணலாம். ஆங்கிலச் சொல் காற்று வரும் விதத்தைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் அது செய்யும் வேலையைச் சொல்கிறது.

வானிலையாளர்கள் இச்சொல்லுக்கு அளவும் வகுத்துள்ளனர். காற்றின் வேகம் திடீரென நொடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டரையோ அதற்கு மேலோ எட்டி, 1 நிமிடமாவது நீடிக்க வேண்டும். நொடிப்பொழுதில் வீசி மறையும் காற்றைச் சிறு படகு தாங்கக்கூடும். நீடித்து வீசும் சூறைக்காற்றோ அதனைக் கவிழ்த்துவிடலாம். ஆகவே, வானிலை எச்சரிக்கையில் வரும் ஒரு சொல்லின் பொருளை அறிவது மீனவரின் உயிரைக் காக்கும்.