கீரை விதைக்குமுன் மண்ணைப் பார்

புது வீட்டுப் பின்கட்டில் கொஞ்சம் மண் இருக்கிறது, கீரை போடலாமா அக்கா என்று கேட்டாயே. போடலாம். ஆனால் விதை வாங்குமுன் நீ அனுப்பிய போட்டோவை நீயே ஒருமுறை பெரிதாக்கிப் பார். ஜன்னல் கம்பிக்கு நேர் கீழே, மண்ணோடு மண்ணாக, நகத்துண்டு மாதிரி நீலச் செதில்கள் கிடக்கின்றன. கம்பியில் அடித்த பழைய எனாமல் பெயின்ட் உரிந்து விழுந்தது அது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள். வீட்டுக்காரர் கம்பிக்குப் புது பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினால், காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதே. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல், கீழே தார்ப்பாய் விரி, வேலை முடியும்வரை குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு.

வீடு மெயின் ரோட்டை ஒட்டி வேறு இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் முழுதாக நின்றது. அதுவரை புகையில் வந்த ஈயம் மக்கவும் இல்லை, மறையவும் இல்லை. கிளறாத மண்ணில் மேலாக இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும். லண்டனில் 1999-லேயே அந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். அந்தப் பழைய ஈயம் இன்னமும் அங்கே காற்றில் கலந்திருக்கிறது என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது போதாதென்று பிரேக்கிலிருந்து செம்பும் டயரிலிருந்து துத்தநாகமும் தினமும் சாலையோரத்தில் உதிர்கின்றன.

எல்லாரும் காய்கறியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் புழுதி. தக்காளி, வெண்டை, கத்தரியின் காய்க்குள் ஈயம் அவ்வளவாக ஏறாது. தவழும் பிள்ளையின் விரலில் ஒட்டிய மண் நேரே வாய்க்குப் போகும். ஒரே அளவு ஈயம் உள்ளே போனாலும், பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும், வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமலேகூட. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் எல்லையே கிடையாது.

அதனால் முதல் வேலை வீட்டுக்குள்தான். செருப்பு வாசலோடு நிற்கட்டும். வாசலில் தண்ணீர் தெளித்துத்தானே பெருக்குகிறோம், அறைக்குள்ளும் வறட்டுப் பெருக்கு வேண்டாம், ஈரத்துணியால் துடை. தோட்டத்தில் விளையாடி வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடு. சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. வெறும் வயிற்றோடு மண்ணில் விளையாட விடாதே, வயிறு காலியாக இருந்தால் ஈயம் கூடுதலாக ஏறும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பும் அப்படித்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், நெல்லிக்காய் எல்லாம் சாப்பாட்டில் அடிக்கடி இருக்கட்டும். குழந்தை மண்ணை அள்ளித் தின்றால், மிரட்டி நிறுத்துவதோடு விடாமல் டாக்டரிடம் காட்டு. ரத்தசோகை இருக்கலாம். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கவும் அவரிடமே கேள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறாய் என்றால் உனக்கும் இது முக்கியம். எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு இறங்கி வரும்.

இனி கீரை. தரையில் வேண்டாம், மாடியில் குரோபேக்கில் போடு. தரையில்தான் ஆசை என்றால் சுவரையும் ரோட்டையும் விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, ஓர் அடி உயரத்துக்குப் புது மண்ணும் மக்கிய உரமும் கொட்டிப் பாத்தி கட்டு. மக்கிய உரம் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் உறிஞ்சுவது குறையும். மண் லோடு சொல்லும்போது எங்கே வெட்டியது என்று கேள். இடித்த கட்டடத்து மண் என்றால் திருப்பி அனுப்பு. பழைய தரையில் காய்ச்செடி மட்டும் வை. கீரையும் முள்ளங்கியும் அங்கே வேண்டாம். கீரை இலையில் புழுதி ஒட்டும், முள்ளங்கித் தோலில் மண்ணே ஒட்டும். கீரை வகைகள் காட்மியத்தையும் தாராளமாக இழுக்கும், அது உள்ளே போனால் சிறுநீரகத்தில் போய்ச் சேரும்.

கீரை அலசுவதிலும் ஒன்று உண்டு. அகலப் பாத்திரத்தில் முக்கி அலசிவிட்டுத் தண்ணீரைச் சாய்க்காதே, அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல் ஏறும். கீரையைக் கையால் மேலே தூக்கி எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டு. பாத்திரத்தின் அடியில் விரல் வைத்தால் நறநறப்பு இல்லாத வரைக்கும் இப்படியே அலசு. வேகவைத்தால் ஈயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தோட்டத்தில் என்ன கொட்டுகிறாய் என்பதிலும் கவனம். போகிக்கு எரித்த பெயின்ட் அடித்த மரச்சாம்பல், தீபாவளிப் பட்டாசுக் குப்பை, இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழுவிய தண்ணீர், எதுவும் செடிப்பக்கம் வரக் கூடாது. பிள்ளையார் சதுர்த்திக்கு வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரையே வாங்கு. வாளியில் கரைத்து அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் நம் வீட்டில் உண்டே, வர்ணம் பூசியதை அப்படிக் கரைத்தால் அதிலிருப்பது மொத்தமும் மண்ணில்தான் இறங்கும். பூஞ்சைக்கு மயில்துத்தக் கலவையை அடிக்கடி தெளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கிறது. அது செம்பு, வருஷா வருஷம் மண்ணில் சேர்ந்து மண்புழுவை விரட்டும். ஈயமும் காட்மியமும் ஏறிய மண்புழுவைத் தின்கிற பறவைக்கும் அந்த விஷம் போகும்.

மண்ணைச் சோதிக்க நினைத்தால், அரசு தரும் மண்வள அட்டையில் துத்தநாகமும் செம்பும் இருக்கும், ஈயம் இருக்காது. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் ஈயம், காட்மியம், குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேள். ஐந்தாறு இடத்தில் மேல்மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துக் கலந்து ஒரு பை, ஜன்னலடி மண் தனியாக ஒரு பை. அமெரிக்காவில் வீட்டு மண்ணுக்கு இருந்த ஈய வரம்பை, கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 2024-ல் 200 ஆக இறக்கினார்கள். உன் மண்ணில் அதைத் தாண்டினால் அந்த இடத்தில் புல்லோ கல்லோ பதித்து மூடிவிடு. ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.