இரண்டு ஏடுகளைப் பொருத்தும் முறை

தஞ்சை நாட்டில் ஓர் உழவர் பெயர் ஓர் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. பட்டாவில் ஒன்று, அடங்கலில் ஒன்று, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் பதிவில் ஒன்று, பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் ஒன்று, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மற்றொன்று எனப் பல இடங்களில் அது பதிந்துள்ளது. இவை தம்முள் ஒத்திருக்குங்காறும் எவர்க்கும் இடரில்லை. ஒவ்வாதவிடத்து உழவரே அலைகின்றார். குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு முட்டிக்கொள்ளும் நாடு இது. கொள்முதலுக்கு நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17க்கு மேற்படலாகாதென்பது பொது விதி. காகிதம் சரியில்லை என்று நான்கு நாள் சாலையோரம் கிடந்த நெல் ஒரு மழையில் முளை கண்டுவிடும். ஆதலின் ஏடுகளை ஒப்பு நோக்குவது வெறும் எழுத்தர் வேலை என்று நம் மாணாக்கர் எண்ணலாகாது.

இவ்வேலை நமக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் பசலி முடிவை ஒட்டி நடைபெறும் ஜமாபந்தி என்பதே ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்து நேர்செய்யும் ஏற்பாடாகும். 1980ஆம் ஆண்டில் பரம்பரைக் கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். ஓலையும் காகிதமும் போய்க் கணினி வந்தது. கட்டங்கட்டமாய் எண்களை அடுக்கும் விரிதாள் என்னும் கருவியை டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் 1979இல் விசிகால்க் என்ற பெயரால் வெளியிட்டனர். இன்று எக்செல் அறியாத அலுவலகம் அரிது. அதனுள்ளே நாம் ஒரு முறை எழுதிவைத்த கட்டளைகளைப் பல்லாயிரம் வரிகளின்மேல் சோர்வின்றிச் செய்துமுடிக்கும் சிறு நிரலே மாக்ரோ எனப்படுவது. சொன்னதைச் செய்யும் ஏவலாள் அது, சொல்லாததைச் செய்யாது, தவறாகச் சொன்னதையும் தயங்காது செய்யும். இம்மூன்றாவது குணத்தை யாம் அறிந்துகொண்ட விதத்தை ஈண்டுக் கூறுவாம்.

வெண்ணாற்றுப் பாசனத்து ஊர்கள் சிலவற்றைச் சேர்ந்த உழவர் குழு ஒன்று, தன் உறுப்பினர் பட்டியலையும் அடங்கலிலிருந்து எடுத்தெழுதிய பட்டியலையும் பொருத்திப் பார்த்து, எவர் பெயர் விடுபட்டுள்ளதென அறுவடைக்கு முன்னரே சொல்லுமாறு எம்மை வேண்டிற்று. இரண்டும் தனித்தனி விரிதாள்கள். சில நூறு வரிகள். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று துணிந்து, உழவர் பெயரையே அடையாளமாகக் கொண்டு மாக்ரோ எழுதினோம்.

பட்டியலிற் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. ஒரு தாளில் ராமசாமி, மற்றதில் இராமசாமி. ஒன்றில் தந்தையின் முதலெழுத்து முன்னே, மற்றதில் பின்னே. கோவிந்தசாமி என்பது இரு தாளிலும் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தும் மாக்ரோ வேறென்றது. யூனிகோடு முறையில் 'கோ' என்னும் எழுத்தின் துணைக்குறிகளை ஒரே குறியாகவும் பதியலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். காண்பார்க்கு வேற்றுமை தோன்றாது, கணினிக்கோ இரண்டும் இருவேறு சொற்கள். இதனினும் தீது, ஒரே ஊரில் ஒரே பெயருடையார் மூவர் இருந்தமை. அவர்களுள் ஒருவர் நிலம் மற்றவர் பெயரின்கீழ்ப் போய் அமர்ந்துகொண்டது. பொருந்தாத வரி தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். தவறாகப் பொருந்திய வரியோ வாய் திறவாது.

பெயரால் ஆளை அடையாளங் காணலாகாது என்பதை நம் ஊரார் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டொன்று உண்டு, கி.பி. 1014ஐ ஒட்டிய காலம். கோயிற் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று அது விதிக்கின்றது. அவர்களுட் பலர் பெயர் நக்கன் என்றே தொடங்குகிறது. ஒரே பெயர் பலர்க்கு வருகின்றது. ஆகவே எழுதினோர் பெயரை மட்டும் நம்பவில்லை. எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு, அச்சிறகில் எத்தனையாவது வீடு, எந்தத் தளியிலிருந்து வந்தவள் என்று குறித்த பின்னரே பெயரைப் பொறித்தனர். பங்குடையார் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அப்பங்கு எவர்க்குச் சேரவேண்டும் என்பதற்கும் வழி சொல்லியிருக்கின்றனர். பெயர் மாறலாம், ஆள் மாறலாம். வீட்டின் இடம் மாறாது. பெருவுடையாரைத் தரிசிக்கச் செல்லும் நம் கணக்கியல் மாணாக்கர் அச்சுவரின் முன்னும் சற்றே நிற்பாராக.

நிலத்துக்கு அவ்வாறு மாறாத அடையாளம் புல எண்ணும் உட்பிரிவுமாம். மாக்ரோவை அவ்வாறே திருத்தி எழுதினோம். ஒவ்வோர் ஊரிலும் 12ஆம் புலம் ஒன்று இருக்குமாதலின் ஊர்க் குறியையும் முன்னே சேர்த்தோம். இம்முறை பெரும்பாலான வரிகள் பொருந்தின. பொருந்தாதவரைப் பட்டியலிட்டுக் குழுவினரிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று வீடு திரும்பினோம்.

பத்து நாட் கழித்து முதியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவர் புலம் அடங்கலில் இல்லை என்று எம் பட்டியல் கூறியதால், நடவு நாளில் ஆட்களை வயலில் விட்டுவிட்டு இருமுறை தாலுகா அலுவலகம் போய்வந்திருக்கின்றார். "நாப்பது வருஷமா அங்கேதான் நடவு போடுறேன் தம்பிகளா, வயலு எங்கே போயிருக்கும்?" என்றார். கோபித்திருந்தாலும் தாங்கியிருப்போம், அவர் கோபிக்கவில்லை.

அவர் புல எண் 12/3. தாளைத் திறந்து பார்த்தோம். அங்கே 12/3 இல்லை, '12-மார்ச்' என்றிருந்தது. தேதிபோல் தோன்றும் எதையும் எக்செல் தேதியாகவே மாற்றிக்கொள்ளும். உள்ளே அதனை ஒரு தொடர் எண்ணாக வைத்துக்கொள்ளும். 2024இல் பதிந்திருந்தால் அது 12 மார்ச் 2024, அதாவது 45363. அதே 12/3ஐ 2025இல் பதிந்திருந்தால் 45728. வெளியே இரண்டும் '12-மார்ச்' என்றே காட்சி தரும். உள்ளே ஓராண்டு வேற்றுமை. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தாலோ அதே புலம் டிசம்பர் 3 ஆகிவிடும். 45/2ஏ போன்றவை தேதியாகமாட்டாமையால் தப்பின. அகப்பட்டவை சிறிய எண்ணுடைய புலங்களே. ஆகையால்தான் பிழை எம் கண்ணுக்குப் படவில்லை. உறுப்பினர் தாளும் அடங்கல் தாளும் வெவ்வேறு ஆண்டிற் பதியப்பட்டவை என்பதை அன்றே வினவியறியாதது எம் குற்றமே.

இதில் யாம் தனித்தவர் அல்லேம். மார்ச், செப்டம்பர் என்னும் மாதப் பெயர்களை ஒத்த குறியீடுடைய மனித மரபணுக்கள் சில, ஆய்வாளர் தாள்களில் இவ்வாறே தேதிகளாக மாறிப் பல ஆய்வுரைகளைக் கெடுத்தன. இறுதியில் அம்மரபணுக்கட்குப் பெயரிடும் குழுவினர் 2020இல் அவற்றின் குறியீடுகளையே மாற்றி அறிவிக்க நேர்ந்தது. மரபணுவுக்கு வேறு பெயரிடலாம். புலத்துக்கு நாம் வேறு எண் இட இயலாது.

எனவே பதியத் தொடங்குமுன் புல எண் வரும் நிரல் முழுதையும் 'உரை' என்னும் வகையில் அமைத்துக்கொள்க. பதிந்த பின் மாற்றினால் 45363 என்பதே உரையாக நிற்கும், 12/3 மீளாது. ஊர்க் குறி, புல எண், உட்பிரிவு மூன்றையும் தனித்தனி நிரல்களிற் பதிவது இன்னும் நன்று. அப்பால் மாக்ரோ செய்யவேண்டுவது இது: முதல் தாளின் ஒவ்வொரு வரியிலும் அம்மூன்றையும், முன்பின் உள்ள வெற்றிடம் நீக்கி, ஒரு கோட்டுக்குறியால் இணைத்து ஒரு திறவு ஆக்குக, அத்திறவையும் வரியெண்ணையும் டிக்ஷனரி என்னும் அகராதிப் பொருளில் இடுக. பின் இரண்டாம் தாளின் வரிகட்கும் அவ்வாறே திறவு செய்து அகராதியில் தேடுக. ஒரே திறவு இருமுறை வந்தால் நின்று கேட்குமாறு எழுதுக. கூட்டுப் பட்டாக்களில் இவ்வாறு வரும். கேளாது விட்டால் பின்னது முன்னதன்மேல் ஏறி அதனை அழித்துவிடும். மாக்ரோ எழுத அஞ்சுவோர் விலுக்அப் என்னும் சூத்திரத்தைக் கையாள்வர். அதன் நான்காம் உறுப்பை விட்டுவிட்டால் அது சரியாகப் பொருந்துவதை அன்றி ஏறத்தாழப் பொருந்துவதைத் தந்துவிடும் என்பதை மறவாதிருப்பாராக.

கண்டுபிடித்த செய்தியைப் பழைய கட்டத்தின்மேல் எழுதாது பக்கத்துப் புதிய நிரலில் எழுதுக. கையாற் செய்த பிழையை முன்னிலைக்கு மீட்கும் வசதி எக்செலில் உண்டு. மாக்ரோ செய்த மாற்றத்துக்கு அது பயன்படாது. அதனால் படி ஒன்று எடுத்துவைத்துக்கொண்டே ஓட்டவேண்டும்.

பரப்பளவுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். உழவர் மா என்பர். அஃது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். சங்கத்தார் ஏக்கர் என்பர். பட்டாவோ ஹெக்டேர், ஏர் என்று பேசும். ஓர் ஏக்கருக்கு 40.47 ஏர். எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுதல் தகும். மேற்சொன்ன கல்வெட்டும் நூறு கலம் என்றதோடு அமையாது, எந்த மரக்காலால் அளக்கவேண்டும் என்று ஆடவல்லான் என்னும் மரக்காலைப் பெயர் சுட்டியே கூறுகின்றது.

இத்தனை செய்தும் சில வரிகள் பொருந்தாமல் மூன்றாம் தாளில் மிஞ்சின. அவற்றை மாக்ரோவுக்கு விடாமல் அச்சிட்டுக்கொண்டு ஊர்க்கே சென்றோம். ஒரு புலம் அண்ணன் தம்பியர்க்குள் பாகமாகி ஏ, பி என இரண்டாகியிருந்தது. பழைய தாள் அதனை அறியாது. வேறொன்றில் பதிந்தவர் 1ஐ 7 என்று படித்திருந்தார். முதியவர் வீட்டுக்கும் போனோம். அவர் வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். வரப்பு வழியே நடந்து சென்று, 12/3 அடங்கலில் உள்ளது, எம் பட்டியலே தவறு என்று நேரிற் சொல்லிவிட்டு வந்தோம்.